துணைத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ வேதியியலில் விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். முப்பது வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்குப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு? ஆனால் பிள்ளைகளுக்கும் கையில் நாள் இல்லை. தோற்ற பாடத்தை மறுபடி எழுதும் துணைத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நானே வேதியியலில் கோட்டை விட்டவன்தான். அப்போது பிளஸ் டூ கிடையாது. அது 1978-இல் வந்தது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. படிக்க வேண்டும். நான் படிக்காமல் தோற்கவில்லை. புதுமண்டபத்தில் வாங்கிய பழைய புத்தகத்தை, தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை ஏழு தடவை படித்திருந்தேன். தேர்வறையில் கேள்வியைப் பார்த்ததும் பக்கம் அப்படியே கண்ணில் வந்தது. இடது பக்கம், கீழ்ப்பாதி, ஓரத்தில் ஒரு படம், படத்தின் மேல் யாரோ சிந்திய மைக்கறை. மைக்கறை வரைக்கும் வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை.

மறுபடி எழுத வேண்டியிருந்தபோது என்னை மேலே தூக்கிவிட்டது என் தாய்மாமா. மில் தொழிலாளி, ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னடா படிச்ச, சொல்லு பாப்போம்" என்பார். நான் சொல்லுவேன். அவருக்கு அமிலமும் தெரியாது, காரமும் தெரியாது. ஆனால் நான் எங்கே திணறுகிறேன் என்று மட்டும் துல்லியமாகத் தெரியும். "இந்த எடத்துல முழிக்கிற பாரு. அத மறுபடி பாத்துட்டு வா" என்று உள்ளே அனுப்பிவிடுவார். அந்தத் திண்ணைக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிப்பதும் மூடி வைத்துச் சொல்வதும் வெவ்வேறு வேலை என்று. தேர்வு கேட்பது இரண்டாவது வேலையை.

ஆகவே பிள்ளைகளே, இந்தப் பன்னிரண்டு நாளும் புத்தகம் மூடியிருக்கும் நேரம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். கால் மணி நேரம் பாருங்கள், மூடுங்கள், அரை மணி நேரம் எழுதுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பிறகு திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவால் சேருங்கள். நாளைக் காலை அந்த வேறு நிறத்தை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். கை வலிக்கும். வலிக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு. வேதியியலுக்கு மொத்தம் 100. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் ஆக மொத்தத்தில் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 இருக்க வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 25 வாங்கிய ஒரு பையன் என்னிடம் வந்து, "சார், இன்னும் பத்து எடுத்தா போதும்ல?" என்றான். போதாது தம்பி, அந்தப் பதினைந்து கட்டாயம். உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுவிடுங்கள். மலை மாதிரி நினைத்தது ஒரு சின்ன மேடுதான் என்று தெரியும். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் எங்கே முழித்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பதினைந்து பாடத்தையும் தொட வேண்டாம். நான் பி தொகுதித் தனிமங்கள் இரண்டு பாடத்தையும் ஒதுக்கச் சொல்வேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள். ஆனால் அது பெரிய காடு, கடைசி நேரத்தில் உள்ளே போனவன் வெளியே வர நாளாகும். கணக்குக்குப் பயப்படாதவர்கள் வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல், திட நிலைமை என்று போகலாம். கணக்கு என்றாலே ஒவ்வாதவர்களுக்கு உலோகவியல், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் இரண்டு தரப்புக்கும் பொது. தினம் ஒரு பாடத்து 'புக் பேக்'. அதில் சரியான விடையைக் குறித்தால் மட்டும் போதாது, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வேகவியலை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் வகை வினையில் அரை ஆயுட்காலம், அதாவது பொருளில் பாதி தீர ஆகும் நேரம், ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது இல்லை. 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் வந்துவிடும். வகுப்பில் இதை ஜிகர்தண்டா வைத்துச் சொல்லுவேன். ஒருவன் எந்த அளவு டம்ளரைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் பாதியைத்தான் குடிப்பான். அடுத்த பத்து நிமிஷத்தில் மீதியில் பாதி. நாற்பது நிமிஷம் கழித்து என்ன மிச்சம்? முழுசை நாலு தடவை பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 விழுக்காடு. சூத்திரமே வேண்டியதில்லை. அடுத்ததைப் பாருங்கள். 99.9 விழுக்காடு முடிய அரை ஆயுட்காலத்தைப் போலப் பத்து மடங்கு நேரம் ஆகும் என நிரூபி என்று ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகள் பத்து என்பதை மனப்பாடம் செய்வார்கள். பத்து தடவை பாதியாக்கினால் மிச்சம் 1024-இல் ஒரு பங்கு. 99.9 முடிந்தது என்றால் மிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே! பத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், தேர்வுத் தாளில் லாகரிதம் போட்டு 6.909-ஐ எழுதும்போது கை நடுங்காது.

லாகரிதம் என்றதும் இன்னொன்று. தேர்வறைக்குள் கால்குலேட்டர் கிடையாது. 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771 என்ற இரண்டு மடக்கை எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். 4, 6, 8, 9 எல்லாம் இவற்றைக் கூட்டியே வந்துவிடும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 3 என்றால், 3-இலிருந்து 0.3010-ஐக் கழியுங்கள். பி.எச். 2.699. அவ்வளவுதான்.

கரிம வேதியியலுக்கு வருகிறேன். வானொலியில் பென்சீன் வளையம் வரைய முடியாது, காதால் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் வினைகளை ஒவ்வொன்றாகப் படித்தால் குழம்பும், எதிரும் புதிருமாக ஜோடி சேர்த்தால் நிற்கும். ஆல்டால் குறுக்கமும் கேனிசரோ வினையும் ஒரு ஜோடி. கார்பனைல் தொகுதிக்குப் பக்கத்து வீட்டுக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டால். பார்மால்டிஹைடு, பென்சால்டிஹைடு மாதிரி அந்த வீட்டில் ஹைட்ரஜனே இல்லாவிட்டால் கேனிசரோ. பீனாலில் கோல்பும் ரீமர் டீமனும் அடுத்த ஜோடி. கார்பன் டை ஆக்சைடு வந்தால் சாலிசிலிக் அமிலம், குளோரோபார்ம் வந்தால் சாலிசிலால்டிஹைடு. லூகாஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் ஐந்து பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும், ஓரிணையம் அறை வெப்பநிலையில் அசையாது. எங்கள் பள்ளியில் ஒரு பெண் இதைப் பொங்கலுக்கு வீட்டுக்கு வரும் மாமன்மார் என்று நினைவு வைத்திருந்தாள்: கூப்பிட்டதும் வருகிறவர், யோசித்து வருகிறவர், வரவே வராதவர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு தெரியுமா" என்ற பேச்சைத் தேர்வு முடியும்வரை மூட்டை கட்டி வையுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரியாவிட்டால் ரொம்ப நல்லது. பூக்கட்டிக்கொண்டே, கீரை ஆய்ந்துகொண்டே, "சொல்லு பாப்போம்" என்று கேட்டால் போதும். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023-இல் திறந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.

தேர்வு நாள் விஷயம் கொஞ்சம். துணைத் தேர்வு மையம் உங்கள் பள்ளியாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உசிலம்பட்டிப் பிள்ளைகள் ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள், மேலூர்ப் பிள்ளைகள் மாட்டுத்தாவணியில். அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கிற நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் புதுப் பாடம் எதையும் எடுக்காமல் தூங்குங்கள்.

வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிஷத்தில் 24-ஆம் கேள்வியையும் 33-ஆம் கேள்வியையும் முதலில் பாருங்கள். அவை இரண்டும் கட்டாயக் கேள்விகள், வேறொன்றை எழுதி ஈடுகட்ட முடியாது. தெரியவில்லை என்றாலும் சூத்திரத்தையாவது எழுதி, கொடுத்த எண்களைப் போட்டுவிட்டு நகருங்கள். ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. விடை வரவில்லையே என்று முழுவதையும் அடித்துவிட்டுப் போன தாள்களைத் திருத்தும்போது எனக்கு வயிறு எரியும். அடித்ததற்குள் இரண்டு மதிப்பெண் கிடக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஹால் டிக்கெட்டை ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். வணக்கம்.