சூரியன் நகராத உலகில் ஒரு செடி

[காட்சி: அடிவானத்தில் அசையாமல் நிற்கும் சிவப்பு விண்மீன்]

இந்தச் செடிக்குச் சுவரிலை என்று பெயர் வைத்திருக்கிறேன். செடி கற்பனை. அதை வளைத்து உருவாக்கும் விதிகள் உண்மையானவை.

நமக்கு 4.2 ஒளியாண்டு தொலைவில் ப்ராக்ஸிமா சென்டாரி என்ற சிவப்புக் குறுமீன், அதாவது மங்கலான சிறு சிவப்பு விண்மீன், இருக்கிறது. அதைச் சுற்றும் கோள் ஒன்று 2016-இல் கண்டறியப்பட்டது. அங்கே ஓர் ஆண்டு சுமார் 11 நாள்தான். இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நிலவு நமக்குக் காட்டுவதுபோல ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒருபுறம் தீராத பகல், மறுபுறம் விடியாத இரவு. அப்படிப்பட்ட ஒரு கோளில், காற்றும் நீரும் இருப்பதாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட அந்தி வளையத்தில் நம் செடியை விடுவோம்.

[காட்சி: தரையோடு படர்ந்த செடிகள், மெல்ல நிமிரும் இலைகள்]

சுவரிலையின் முன்னோர் தரையில் படர்ந்தவை. அடிவானத்து ஒளி பக்கவாட்டில் வருவதால், படுத்த இலைக்குக் கிடைப்பது சொற்பம். சற்றே நிமிர்ந்த இலையோடு பிறந்தவை அதிகம் விதைத்தன. காலப்போக்கில் இலைகள் ஒளிக்கு எதிரே செங்குத்தாக நின்றன. நிறம் ஏறக்குறைய கறுப்பு. அங்கே வரும் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு. எதையும் வீணாக்க முடியாது. 700 நானோமீட்டரைத் தாண்டிய, அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பாலான ஒளியை உறிஞ்சும் குளோரோஃபில் எஃப் என்ற பச்சைய வகை நம் பூமியிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட்டுப் பாறைகளிலிருந்து கிடைத்த அது, 2010-இல் அறிவிக்கப்பட்டது.

இனிதான் எனக்குப் பிடித்த சிக்கல். பூமியில் நிழல் நகரும்; காலையில் இழந்த வெயிலை மாலையில் பெறலாம். அங்கே விழுந்த நிழல் விழுந்ததுதான். போதாக்குறைக்கு, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்த இரவுப் பக்கத்திலிருந்து பகல் பக்கத்துக்கு வீசுகிறது. விதை எங்கே விழும்? தாய்க்கு நேர் முன்னால்! பிள்ளை வளர வளரத் தாய் பட்டினி கிடக்கும்.

[காட்சி: இறகு விதையும் கனத்த விதையும் அருகருகே]

ஆகவே இறகு நீண்ட விதைகள் தேர்வாயின. தாயைத் தாண்டி வெகுதூரம் பறந்தன. அளவு மீறிப் பறந்தவை பகல் பக்கத்து வெப்பத்தில் கருகின. இந்த இழுபறியில் சுவரிலை இருவகை விதைகளைத் தரத் தொடங்கியது. நம் பாலைவனச் செடிகள் சிலவும் அப்படித்தான். இறகு விதை புது இடம் தேடிப் போகிறது. கனத்த விதையோ தாயின் காலடியிலேயே விழுந்து, முன்னால் நிற்பது சாயும்வரை நிழலில் உறங்குகிறது.

எவ்வளவு காலம் உறங்கலாம்? இஸ்ரேலின் பழமையான மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழைய பேரீச்ச விதை ஒன்று 2005-இல் முளைத்தது. சுவரிலைக்கு நான் சில நூற்றாண்டுகள்தான் கொடுத்திருக்கிறேன்; கஞ்சத்தனம் என்றுகூடச் சொல்லலாம்.