எழுந்திருக்க முடியாத நாளில் நாய்க்கு என்ன செய்வது?

[காட்சி: வாசல் கதவு. கதவுக்கும் தரைக்கும் இடையே இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கும் பழுப்பு நிற நாய்.]

இவள் பூந்தி. 3 வயது நாட்டு நாய். ஒரு மழை நாளில் எங்கள் தெருவில் கிடைத்தவள். இப்போது மணி காலை 11. வழக்கமான நாளாக இருந்தால் இந்நேரம் தெருமுனை வரை போய் வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பாள். இன்று நான் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. அதனால் அவள் கதவிடுக்கில் மூக்கை வைத்து, படியில் யார் ஏறுகிறார்கள், எந்த வீட்டில் மீன் வாங்கியிருக்கிறார்கள் என்று முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. 6 வருடமாக மருந்து சாப்பிடுகிறேன். பெரும்பாலும் நாட்கள் நல்லபடியாகவே போகும். சில வாரங்களில் மட்டும் வாசலைத் தாண்ட முடியாது. உங்களில் சிலருக்கு அது பதற்றமாக இருக்கலாம். தெருவில் நாலு பேரைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், லிஃப்டுக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும். காரணம் எதுவானாலும் நாய் வளர்க்கிற எல்லோரையும் குடைகிற எண்ணம் ஒன்று உண்டு. "வாயில்லா ஜீவன், இதையும் சேர்த்து அடைத்துப் போட்டிருக்கிறேனே."

அந்த எண்ணத்தோடு படுத்திருப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோவைச் செய்கிறேன். படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

[காட்சி: கதவிடுக்கில் இருக்கும் மூக்கு, மிக அருகில். நாசித் துவாரம் விரிந்து சுருங்குகிறது.]

இந்த மூக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். நாயை நடக்கக் கூட்டிப் போகிறோம் என்று நாம் சொல்கிறோம். தெருவில் அது என்ன செய்கிறது? பத்தடி நடக்கும், மின்கம்பத்தடியில் நிற்கும், முகரும், திரும்பி வந்து இன்னொரு தடவை முகரும். "வா, வா" என்று கயிற்றை இழுப்பது நாம்தான். மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் 50, 60 லட்சம் அளவில் இருக்கும். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 10 கோடியைத் தாண்டிப் போகும். அவ்வளவையும் வைத்துக்கொண்டு வேலை செய்தால் நாய் களைத்துப் போகும். நல்ல களைப்பு, சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிற களைப்பு.

2019-இல் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 2 வாரம் மோப்பம் பிடித்துத் தீனி தேடப் பழகியது. இன்னொரு குழு, எஜமானர் பக்கத்திலேயே ஒட்டி நடக்கப் பழகியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு இடத்தில் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், இன்னொரு இடத்தில் வைக்கும் கிண்ணத்தில் இருக்காது. இதை நாய் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டுக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோப்பம் பழகிய நாய்கள், பயிற்சிக்குப் பிறகு அந்த நடுக் கிண்ணத்தை நோக்கி முன்பைவிட வேகமாகப் போயின. இதிலும் ஏதாவது இருக்கும் என்று நம்பியிருக்கின்றன. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை.

இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. மோப்ப விளையாட்டைப் படுக்கையில் இருந்தபடியே என்னாலும் நடத்த முடியும் என்பதால்.

[காட்சி: தரையில் விரித்த கோரைப்பாய்.]

சரி, எப்படிச் செய்வது? வீட்டில் இருக்கும் பாயை எடுங்கள். நாய்க்கு இன்று போடவேண்டிய சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வேண்டாம், எடை போட்டுவிடும். பாயின் ஓரத்தில் நாலைந்து துண்டு போட்டு ஒரு சுருட்டு, மறுபடி நாலைந்து, மறுபடி ஒரு சுருட்டு. முதல் நாள் தளர்வாகவே சுருட்டுங்கள். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

[காட்சி: பூந்தி. இங்கே பேச்சு இல்லை, ஓசை மட்டும்.]

கேட்டீர்களா? சுருட்டின் வாய்க்குள் மூக்கை விட்டு "புஸ், புஸ்" என்று ஊதுகிறாள். ஒரு தும்மல். நெற்றியால் முட்டுகிறாள், பாய் ஒரு சுற்று உருளுகிறது, ஒரு துண்டு "டக்" என்று வெளியே விழுகிறது. அப்புறம்தான் அவளுக்கு விஷயம் புரிகிறது. ஒரு காலால் ஓரத்தை அமுக்கிக்கொண்டு மூக்கால் தள்ளிக்கொண்டே போகிறாள். முதல் தடவை இதற்கு 12 நிமிடம் ஆனது. முடித்துவிட்டு, சளப் சளப் என்று தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பாயிலேயே படுத்துக்கொண்டாள். வாசல் கதவுப் பக்கம் போகவில்லை.

பாய் இல்லாவிட்டால் பழைய புடவை அல்லது துண்டைச் சுருட்டிக்கொள்ளுங்கள். விளையாடி முடித்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். துணியையோ கோரையையோ கிழித்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். கடித்துத் தின்கிற பழக்கமுள்ள நாய் என்றால் இட்லித் தட்டு நல்லது. குழிகளில் தீனியை வைத்து, மேலே ஒவ்வொரு பந்து. நாய் பந்தைத் தள்ளித் தள்ளித் தேடும். பந்து, வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

கையைக்கூட ஆட்ட முடியாத நாளும் வரும், எனக்கு வந்திருக்கிறது. அன்று தலைமாட்டில் ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு துண்டை அறையின் இந்த மூலைக்கு எறிவேன், அடுத்ததை அந்த மூலைக்கு. 30 துண்டு என்றால் 30 தடவை அவள் அறையைக் குறுக்காக ஓடுகிறாள். டைல்ஸ் தரை வழுக்கும், மூட்டுக்குக் கெடுதல். ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள்.

தீனி என்றால் கடையில் வாங்கும் உலர் உணவோ, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழித் துண்டோ, வேகவைத்த கேரட்டோ போதும். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லா மிட்டாயும் அப்படித்தான்.

[காட்சி: ரப்பர் பொம்மையை நக்கிக்கொண்டிருக்கும் பூந்தி.]

உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் அடுத்த நாளுக்கும் சேர்த்துச் செய்து வையுங்கள். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை, நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் பொம்மையில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். நக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும், நக்குவது நாயை அமைதிப்படுத்தும். தயிர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்கினால் வெறும் சாதமும் கோழி வேகவைத்த தண்ணீரும் போதும்.

இவையெல்லாம் நடையை முழுதாக ஈடுகட்டும் என்று நான் சொல்லவில்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கு ஓடிய இனங்கள். இட்லித் தட்டை வைத்து அவற்றை ஒரு மாதம் ஓட்ட முடியாது. சில நாட்களைத் தாண்டலாம், அவ்வளவுதான். கதவைப் பிறாண்டுவது, செருப்பைக் குதறுவது, வாலைத் துரத்திச் சுற்றிக்கொண்டே இருப்பது, இவை தொடர்ந்தால் நாய்க்கு இது போதவில்லை என்று அர்த்தம்.

அப்போது கயிற்றை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். எங்கள் அடுக்ககக் காவலாளி அண்ணனிடம் கேட்க 3 வாரம் தயங்கினேன். கடைசியில் ஒருநாள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, உடம்புக்கு முடியல. இவளைப் பத்து நிமிஷம் கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுமா?"

"அதுக்கென்ன பாப்பா, கயித்தைக் குடு. ஊர்ல நாலு நாய் வளர்த்தவன் நான்."

என்ன உடம்புக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், அதை அவர் வாங்கிக்கொள்ள வைப்பதற்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. புதியவரிடம் கொடுக்கும்போது கழுத்துப் பட்டையைவிட மார்போடு மாட்டும் பட்டை நல்லது. பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை தலைவழியே கழன்றுவிடும். ரேபிஸ் தடுப்பூசி அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே அதன் சாப்பாட்டு அளவு, பழக்கப்பட்ட மருத்துவர், ஒரு உறவினரின் எண். நீங்கள் திடீரென்று மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அந்தக் காகிதம் உதவும்.

விளையாட்டைத் தள்ளிப்போடலாம், சிறுநீரைத் தள்ளிப்போட முடியாது. வெளியே போக முடியாத வாரங்களுக்காக பால்கனியில் ஒரு அகலமான தட்டில் மணலோ தென்னை நார் மிதியடியோ வைத்துப் பழக்குங்கள். அதன் சிறுநீர் பட்ட துணி ஒன்றை அங்கே போட்டால் இடம் புரியும். நல்ல நாட்களிலேயே பழக்க வேண்டிய விஷயம் இது. பூந்திக்கு 2 மாதம் ஆனது.

[காட்சி: மாத்திரை டப்பா. ஜன்னலில் மாலை வெயில்.]

நேரத்தைப் பற்றி ஒன்று. நாயைக் காலையில்தான் நடத்த வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைதான் மோசமான நேரம், சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இளகும். இரவில் சாப்பிடும் மாத்திரையின் மயக்கமும் காலையில் மீதமிருக்கும். அப்படி இருந்தால் மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள், "காலையில் நாயைக் கூட்டிப் போக முடியவில்லை" என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் வேளையையோ அளவையோ மாற்றிப் பார்க்கலாம். காலையில் முடியாத வாரங்களில் நான் நடையை இரவு 9 மணிக்கு மாற்றிவிடுவேன். தெருவில் ஆள் குறைவு, தார்ச்சாலையும் சூடு ஆறியிருக்கும். கோடையில் புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். 5 விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

நாய்க்குச் சோறு வைக்கக்கூட முடியாத நாட்கள் தொடர்ந்தால், அல்லது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், 14416. டெலி மானஸ், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நாயை என்ன செய்வது என்ற கவலையையும் அங்கே சொல்லலாம்.

[காட்சி: மாடிப்படி. பூந்தி முன்னால், கயிறு தளர்வாக.]

இந்த மாதம் நான் மறுபடி வெளியே போகப் பழகுகிறேன். முதல் நாள் கதவைத் திறந்து வைத்து, நிலைப்படியில் அவளோடு உட்கார்ந்தேன். அடுத்த மூன்று நாள் கீழ்ப் படிக்கட்டு வரை. என் ஆலோசகர் சொன்னபடி, பதற்றம் ஏறினால் உடனே உள்ளே ஓடாமல் அது கொஞ்சம் இறங்கும்வரை அங்கேயே நின்றேன். அந்த நேரத்தில் படிக்கட்டு மூலையில் நாலு துண்டு தீனியைப் போட்டுவிடுவேன். அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, சும்மா நிற்பதைவிட எளிது.

நேற்று கேட் வரை போனோம். கேட்டுக்கு வெளியே இருக்கும் மின்கம்பத்தை அவள் 4 நிமிடம் முகர்ந்தாள். நான் கயிற்றை இழுக்கவில்லை.