அணையை உடைப்பது மலிவு, வண்டல்தான் செலவு

அவையோர்க்கு வணக்கம்.

பயனற்றுப்போன மலை அணையை அகற்ற அரசுப் பணம் தரலாமா என்று கேட்கிறார்கள். எந்தச் செலவுக்கு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை அகற்றும் திட்டத்துக்கு ஏறத்தாழ 32.5 கோடி டாலர் ஆனது. அதில் இடிப்பு ஒப்பந்தம் சுமார் 2.7 கோடிதான். மிச்சம் அணைகளை விலைக்கு வாங்கவும், குடிநீர் நிலையங்கள் கட்டவும், வெள்ளக் கரைகளை உயர்த்தவும், செடி நடவும் போயிற்று. குடிநீர் நிலையமும் வெள்ளக் கரையும் வேண்டியிருந்ததே, அணைக்குப் பின்னால் தேங்கிய வண்டல் ஆற்றோடு வரும் என்பதால்தான். கான்கிரீட்டுக்கு ஆகும் செலவைப் போல் பல மடங்கை வண்டல் விழுங்கிவிடும்.

கலிஃபோர்னியாவில் கார்மெல் ஆற்றின் சான் கிளெமென்டி அணையைப் பாருங்கள். 1921-இல் கட்டியது, 106 அடி உயரம். 1,425 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தூர்ந்துபோனது. தண்ணீர் தேங்க இடமில்லை. பெரிய நிலநடுக்கமோ பெருவெள்ளமோ வந்தால் தாங்காது என்று 1990-களின் தொடக்கத்தில் மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவு சொல்லிவிட்டது. கீழே பள்ளத்தாக்கு நெடுக வீடுகள்.

அணைக்குச் சொந்தக்காரர் தனியார் குடிநீர் நிறுவனம். முட்டுக்கொடுத்துப் பலப்படுத்த சுமார் 4.9 கோடி டாலர் ஆகும், அகற்ற சுமார் 8.4 கோடி ஆகும் என்று கணக்கு வந்தது. பலப்படுத்துவது நிறுவனத்தின் கடமை, அந்த 4.9 கோடியை அது கொடுத்தது. ஆறு மீள்வது பொது நன்மை, மீதி 3.5 கோடியை மாநில, மத்திய நிதிகள் ஏற்றன. 928 ஏக்கர் நிலத்தைப் பொதுநிலமாக ஒப்படைக்கவும் நிறுவனம் இசைந்தது. எனக்குத் தெரிந்தவற்றில் மிக நேர்மையான பங்கீடு இதுதான். முழுச் செலவையும் அரசு ஏற்றால், பராமரிக்காமல் விட்ட உரிமையாளருக்கு நாமே பரிசு கொடுத்ததாகும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நிறுவனம் தன் பங்கைத் தண்ணீர்க் கட்டணத்தில்தான் வசூலிக்கிறது. அதுவும் மக்கள் பணமே. ஆகவே தண்ணீர்க் கட்டணத்தை அனுமதிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் அந்த 4.9 கோடியையும் வரி வரியாகத் தணிக்கை செய்ய வேண்டும்.

வண்டல் சுமார் 19 லட்சம் கன மீட்டர். லாரிக்குப் 10 கன மீட்டர் என்று வைத்தால் 1,90,000 நடை. நாளுக்கு 100 நடை ஓட்டினாலும் 1,900 வேலை நாள், அதுவும் குறுகிய மலைப்பாதையில். ஆற்றோடு விட்டுவிடவும் வழியில்லை. மணல் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்தால், சாதாரண வெள்ளமே கீழே உள்ள வீடுகளுக்குள் புகும்.

அதனால் வண்டலை இருந்த இடத்திலேயே விட்டு, ஆற்றை நகர்த்தினார்கள். அணைக்குச் சற்று மேலே சான் கிளெமென்டி ஓடை வந்து சேர்கிறது. ஆற்றுக்கும் ஓடைக்கும் நடுவே நின்ற பாறை முகட்டை ஏறத்தாழ 450 அடி நீளத்துக்கு வெட்டி, ஆற்றை ஓடைக்குள் திருப்பினார்கள். வெட்டிய பாறையைக் கொண்டே பழைய ஆற்றுவழியை அடைத்தார்கள். ஓடைப் பக்கத்து வண்டலை வாரி, அடைத்த பக்கம் குவித்தார்கள். குவியலின் சரிவு நழுவாதிருக்க மண்ணோடு சிமெண்ட் கலந்து இறுக்கினார்கள். அணை 2015-இல்தான் போனது. அதற்கு முன்னான இரண்டு ஆண்டு வேலையும் வண்டலோடுதான்.

கோளாறு வருவது பெரும்பாலும் இடித்த பிறகு. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் ஸ்டீல்ஹெட் மீன் ஏறிவர, புது வழியில் பாறைகளைப் படிப்படியாக அடுக்கிக் குட்டங்கள் அமைத்திருந்தார்கள். 2017 வெள்ளம் அவற்றில் பலவற்றைக் கலைத்துவிட்டது. ஆறு தானே வழி வகுத்துக்கொண்டது, மீனும் ஏறுகிறது. ஆனால் மேலேயிருந்து எவ்வளவு மணல் வரும், பாறை எங்கே நகரும் என்பதை முதல் சில குளிர்காலங்கள்தான் காட்டும். எல்வாவிலும் 2012-இல் இலையும் சுள்ளியும் சேறும் நீரெடுப்பு வடிகட்டிகளை அடைத்ததால் இடிப்பு வேலை ஓராண்டு நின்றது.

ஆகவே நிதி ஒதுக்கும் ஆணையில் கண்காணிப்புக்கும் திருத்த வேலைக்கும் தனிக் கணக்கு இருக்க வேண்டும். இடிப்பு ஒப்பந்தத்தில் செலவு கூடினாலும் இந்தத் தனிக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஆற்றின் குறுக்குவெட்டு அளவை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். குடிநீர் எடுப்பிடங்களை இடிப்பு தொடங்குமுன் சேற்று நீரில் ஓட்டிச் சோதித்து, தேறிய பிறகே முதல் தவணை விடுவிக்கப்பட வேண்டும்.