பாட்டன் காலத்தில் புறப்பட்ட கப்பல்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மற்றவர்களுக்கெல்லாம் எங்கள் அணித்தலைவர் பெயர் பெயராக வணக்கம் சொல்லிவிட்டார், எனக்குக் கொடுத்திருப்பது 12 நிமிடம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு தெரியும். விண்வெளி வீடியோ கேமுக்கு உயிர் எது, உண்மையான இயற்பியலா, ஆடுகிற சுகமா? நான் இயற்பியல் பக்கம். எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வரி சொன்னார் பாருங்கள், மண்டபமே சிரித்தது, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகூட எட்டிப் பார்த்தார். “இவங்க சொல்ற கேம்ல பாட்டன் காலத்துல புறப்பட்ட கப்பல், பேரன் காலத்துலதான் போய்ச் சேரும்.” அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. எட்டுப் பக்கத்தையும் மடித்துப் பையில் போட்டுவிட்டேன். ஏனென்றால் அண்ணன் சொன்னது எங்கள் வீட்டில் நடந்த கதை.

என் அப்பா 31 வருடம் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் கித்தாக் காலம், அதாவது ரப்பர், பிறகு செம்பனை. வேலையை விட்டபிறகு இங்கே சுங்கை சிப்புட்டில் எங்களோடு வந்து இருந்தார். என் அக்கா மகன் படிவம் நான்கு படிக்கிற பையன். அவனிடம் ஒரு பழைய மடிக்கணினி, காற்றாடி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அதில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆடுவான். மெக்சிகோவில் ஒரு சின்ன நிறுவனம் உருவாக்கியது, 2011-ல் முதலில் வெளிவந்து 2015-ல் முழுமையானது. பச்சை நிறக் குட்டி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் விதி நியூட்டனுடையது.

பையன் இரண்டு கப்பலை மேலே அனுப்பிவிட்டான். ஒன்றை ஒன்றோடு இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன, ஒன்று 10 கிலோமீட்டர் முன்னால், ஒன்று பின்னால். சரி, பின்னால் போகிறவன் என்ன செய்வான்? முன்னால் இருப்பவனைப் பார்த்து முடுக்குவான். பையனும் முடுக்கினான். தூரம் 10, கொஞ்ச நேரத்தில் 12, அப்புறம் 15. கிட்டே போக முடுக்குகிறான், முன்கப்பல் எட்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று வாரம் இதே கூத்து.

அப்பா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்து நூல் கட்டியிருக்கும், கையில் தேத்தண்ணி. மவுஸைத் தொட்டதில்லை, இங்கிலீஷ் வாசிக்க வராது. ஒருநாள் கேட்டார்: “ஏன்டா, முன்னாடி போறவன் மேல் ரோட்டுல போறான்னா நீயும் ஏன் மேல் ரோட்டுலயே போற? பிரேக் போட்டுக் கீழ் ரோட்டுல இறங்குடா.”

பையன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

நடுவர் ஐயா, அந்தக் கீழ் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மணியை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். அப்பா ஓட்டிய தோட்டத்தில் ஆலைக்குப் போக இரண்டு வழி. மேல் ரோடு மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து நெளிந்து போகும். கீழ் ரோடு ஆற்றோரமாக நேராகப் போகும். ஆலையில் யார் முதலில் எடைக்கு நிற்கிறார்களோ அவர்கள் முதலில் வீட்டுக்குப் போகலாம், பிந்தினால் ஒன்றரை மணி நேரம் வரிசை. மேல் ரோட்டில் முன்னால் ஒரு லோரி போனால் முந்த இடமே கிடையாது. அப்பா என்ன செய்வாராம், வேகத்தைக் குறைத்து, ஒரு திருப்பத்தில் கீழே இறங்கிவிடுவாராம். இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடிக்கும். ஆற்றோரமாக ஓடி, ஆலைக்கு முன்னால் மேலே ஏறும்போது பார்த்தால், முன்னால் போனவன் இன்னும் மலையைச் சுற்றிக்கொண்டிருப்பான்.

இதேதான் விண்வெளியிலும் நடக்கிறது. முடுக்கினால் கப்பல் மேலே ஏறிவிடும், மேல்வட்டம் பெரியது, ஓட்டமும் மெதுவு, அதனால் பிந்துவாய். பின்பக்கமாக உந்தி வேகத்தைக் குறைத்தால் கப்பல் கீழே இறங்கும், இறங்கும்போது வேகம் பிடிக்கும், உள்வட்டம் சின்னது, அதனால் முந்துவாய். சந்திக்கும் இடத்தில் மறுபடியும் மேலே ஏறிக்கொள்ளலாம். இது தெரியாமல் நாசாவே ஒருமுறை தடுமாறியிருக்கிறது. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் மேல்கட்டத்தை நெருங்கிப் போகப் பார்த்தார். அதை நோக்கி உந்தினார், அது விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், கைவிட்டார்கள். சரியாகக் கணக்குப் போட்டு ஜெமினி 6ஏ போய் ஜெமினி 7-ஐ நெருங்கி நின்றது அந்த வருடம் டிசம்பரில்தான். ஆறு மாதம் கழித்து. என் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஆறுகிற நேரம் போதுமாயிருந்தது.

அண்ணன், என் வாதம் இவ்வளவுதான். உங்கள் கேமில் விதியை ஆபீசில் உட்கார்ந்து யாரோ ஒருவர் எழுதுகிறார். அந்த விதி ஆடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை, அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார். விதி நிஜமாக இருந்தால் 31 வருடம் லோரி ஓட்டியவர் உள்ளே வரலாம். ஊஞ்சல் தள்ளியவர் வரலாம், கல்லெறிந்து மாங்காய் அடித்தவர் வரலாம். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அங்கே செல்லும்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார், 1993-ல் ஃப்ரண்டியர் எலீட் 2-ல் நியூட்டன் விதியை வைத்தார்களே, சண்டை என்ன ஆனது என்று. உண்மைதான், இரண்டு கப்பலும் மோத வரும் காளைகள் மாதிரி ஒன்றை ஒன்று கடந்துபோய், திரும்பி வர அரை நாழிகை ஆகும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே விளையாட்டு ஒரே ஒரு ஃப்ளாப்பி தட்டுக்குள் ஒரு பால்வீதியை வைத்துக் கொடுத்ததே, கோளில் இறங்கி சூரிய உதயம் பார்க்க முடிந்ததே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் சில இளைஞர்கள் ஸ்பேஸ்வார் என்ற விளையாட்டை எழுதியபோதே நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து அதற்கு ஈர்ப்பு கொடுத்தார்கள். அந்த ஈர்ப்பில் சறுக்கிச் சுற்றிவந்து எதிரியை அடிப்பதில்தான் சுகமே. 1969-ல் நிலவில் மனிதன் இறங்கிய சில மாதத்தில், அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் நிலவில் இறங்கும் விளையாட்டு எழுதினான், படம்கூடக் கிடையாது, வெறும் எழுத்தும் எண்ணும். எரிபொருளும் ஈர்ப்பும் மட்டும் வைத்து ஆட்டம் நடந்தது.

கெர்பலில் கோளைச் சுருக்கியிருக்கிறார்களே, அது ஏமாற்று இல்லையா என்று கேட்டார். ஆமாம், பூமியின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வெறும் 600 கிலோமீட்டர். நிஜத்தில் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் ஓட வேண்டிய இடத்தில் அங்கே 2.2 போதும். பள்ளிக்கூடத்தில் உலக உருண்டையைச் சின்னதாகச் செய்து வைக்கிறோம், மலேசியாவை இடம் மாற்றியா ஒட்டுகிறோம்? அளவைச் சுருக்கினார்கள். விதியில் கை வைக்கவில்லை.

இயற்பியல் என்றால் அந்நியம் என்று ஒரு பேச்சு ஓடியது. உங்கள் கூரையில் அஸ்ட்ரோ டிவி தட்டு இருக்கிறதா இல்லையா? நம் ஊர்த் தட்டு ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். மழை கொட்டினால் சீரியல் நின்றுவிடுகிறதே, 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மெசாட் துணைக்கோளோடு உங்கள் வீட்டுக்கு இருக்கிற உறவு அது. அது அங்கே நிற்கவில்லை, நொடிக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது, பூமியும் கூடவே திரும்புவதால் நின்ற மாதிரி தெரிகிறது. தள்ளிக்கொண்டே இருக்க எஞ்சின் கிடையாது, அவ்வப்போது சின்னத் திருத்தம் மட்டும். 2007 அக்டோபர் 10, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் கிளம்பியதை இங்கே எத்தனை பேர் டிவியில் பார்த்தீர்கள்? கையைத் தூக்குங்கள். பாருங்கள் நடுவர் ஐயா. விண்வெளி நிலையத்தோடு இணைந்தது 12-ஆம் தேதி. இரண்டு நாள். கீழ் ரோட்டில் ஓடிப் பிடித்தார்கள். அப்போது என் அப்பா கேட்டார், “மேல போயிட்டாங்களே, இன்னும் ஏன் சேரல?” எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

மறுபடியும் அந்த ராத்திரிக்கு வருகிறேன். பையன் கப்பலைப் பின்பக்கம் திருப்பினான். திரையின் அடியில் நீலமும் பழுப்புமாக ஓர் உருண்டை இருக்கும், கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும். அதைப் பார்த்து ஒரு தட்டு தட்டினான். தூரம் 15-லேயே நின்றது. 14 ஆனது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். 9. 4. “மெதுவாடா, மெதுவா, லோட்டு இருக்கு.” எதில் லோட்டு? அவர் கையில் ஸ்டியரிங் வந்துவிட்டது. பையன் பதற்றத்தில் முன்னாலும் பின்னாலும் உந்தி எரிபொருளையெல்லாம் கரைத்துவிட்டான். கடைசி ஐந்து மீட்டரில் டாங்கி காலி. கப்பல் தானாக மிதந்து போய், இணைப்பு வளையத்தின் காந்தம் பிடித்து இழுத்து, ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை ஒட்டுக்கடையில் அப்பா இதைச் சொன்னார். 10 கிலோமீட்டர் 100 ஆனது. சாயங்காலம் சொன்னபோது பையன் கதையிலேயே இல்லை, அவர்தான் ஓட்டினார். ஒரு வாரம் கழித்துப் பழைய லோரிக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள் பார்க்க.

ஆனால் அன்றைக்கு ராத்திரி இணைந்த உடனே அவர் முதலில் கேட்டது வேறு. “எண்ணெய் தீர்ந்துபோச்சே. கீழ விழுந்துடாதா?”

“விழாது தாத்தா. காத்து இல்ல. தடுக்க ஆள் இல்ல. தள்ள வேணாம்.”

அவர் நம்பவில்லை. நேரத்தை ஓட்டிக் காட்டட்டுமா என்று பையன் கேட்டான், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றுவிட்டார். 100 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோளை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 32 நிமிடம். 32 நிமிடமும் உட்கார்ந்து பார்த்தார். இருட்டுப் பக்கம் போனது, விளிம்பில் வெளிச்சம் வந்தது, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எண்ணெய் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய மனுஷன், எண்ணெய் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தார். பையன் அந்தக் கப்பலுக்குப் பெயர் மாற்றினான். தாத்தா லோரி.

போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். 16-ஆம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பையன் மடிக்கணினியைத் திறந்தான். நான் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் கேமில் விரலை எடுத்தால் கப்பல் நின்றுவிடும் அண்ணன். இது நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. இருட்டுப் பக்கம் போனது, காத்திருந்தோம், வெளியே வந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான் அண்ணன், எங்கள் கப்பல் பாட்டன் காலத்தில்தான் புறப்பட்டது. பையன் இன்றைக்கு வந்திருக்கிறான், அதோ தூண் பக்கம் நிற்கிறான். சாயங்காலம் இங்கே கிளம்புவதற்கு முன்னால்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தோம். டாங்கியில் எண்ணெய் பூஜ்யம். லோரி ஓடிக்கொண்டிருக்கிறது.