கரிசல் காட்டில் ஒரு மாளிகை: அவசியமே!

நடுவர் அவர்களே, வணக்கம். "டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டிகள் கட்டிய பிரமாண்டமான நீதிமன்றங்கள் ஆடம்பரமா, அவசியமா?" என்பது தலைப்பு. கவுண்டி என்றால் அமெரிக்காவில் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. எதிரணி நண்பர் வந்தார், பருத்தி பறிக்கிறவன் குடிசையில் கிடக்க கோர்ட்டுக்கு கோபுரம் கேட்குதா என்று ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். சரி, டாலஸிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் வாக்ஸஹாச்சி வந்துவிடும், எல்லிஸ் கவுண்டியின் தலைநகர். அங்கே வாருங்கள், கணக்கைப் பார்ப்போம்.

அந்தக் கவுண்டியின் முதல் கோர்ட் ஒரு மரக்கட்டை வீடு. மரம் என்றால் தீ. கிழக்கே ஷெல்பி கவுண்டியில் 1882-ல் கோர்ட் எரிந்தது, உள்ளே இருந்த ஆவணங்களும் சேர்ந்து போயின. கோர்ட் என்றதும் நண்பருக்கு வழக்காடுவது மட்டும்தான் தெரிகிறது. நிலப்பத்திரம், கல்யாணப் பதிவு, வரிக் கணக்கு எல்லாம் அதே கூரைக்கடியில்தான் ஐயா இருந்தன! பத்திரம் எரிந்தால் குடிசைக்காரனுக்குத்தான் முதல் அடி, பணக்காரன் வக்கீல் வைத்துக்கொள்வான்.

கட்டடம் கட்ட பாண்டு, அதாவது கடன் பத்திரம், விற்றுப் பணம் திரட்டலாம் என்று 1881-ல் சட்டம் வந்ததும் கவுண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டின. கொஞ்சம் ஜம்பமும் இருந்தது, மறுக்கவில்லை. எல்லிஸ் கவுண்டி 1895 ஜூலை 4-ல் அடிக்கல் நாட்டி, 1897-ல் முடித்தது. சிவப்பு மணற்கல், இளஞ்சிவப்பு கிரானைட், ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன்.

இந்த கார்டன் என்ன செய்தார் தெரியுமா? ஏசி கிடையாது, டெக்சாஸ் வெயில், ஜூரி பன்னிரண்டு பேரும் கம்பளிக் கோட்டில். கட்டடத்தைச் சிலுவை வடிவில் அமைத்து, நாலு மூலையிலும் நிழலான முகப்புத் தாழ்வாரம் வைத்து, நடுவில் படிக்கட்டோடு ஒரு திறந்த கூடத்தை மேலே கோபுரம் வரை விட்டார். அறைகளின் சூடான காற்று அந்தக் கூடத்தில் ஏறி கோபுரம் வழியே வெளியே போகும், கீழே தாழ்வாரத்து நிழல் காற்று உள்ளே வரும். நண்பர் ஆடம்பரம் என்று கை நீட்டிய அந்தக் கோபுரம் ஒரு புகைபோக்கி, நடுவர் அவர்களே, சூட்டை இழுக்கிற புகைபோக்கி!

அப்புறம் தூண் தலைகளில் உள்ள முகங்கள். ஒன்று அழகான பெண், அடுத்தது கோணல் வாய், இன்னொன்று பேய். காதலில் தோற்ற சிற்பி பழிவாங்கினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆதாரம் கிடையாது, ஆனால் அந்தக் கதை கேட்க வருகிற கூட்டத்தால் சதுக்கத்துக் கடைக்காரர் வயிறு நிறைகிறதே, அது நிஜம்.

உள்ளே எல்லாருக்கும் ஒரே நியாயம் கிடைத்ததா? இல்லை. கறுப்பின மக்களுக்கு அந்தக் காலத்து டெக்சாஸ் நீதிமன்றங்கள் செய்தது வெட்கக்கேடு. அந்தக் குற்றத்தை ஜூரியிடமும் நீதிபதியிடமும் சட்டத்திடமும் கேளுங்கள், கல்லிடம் கேட்காதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து பேச வரும் எதிரணித் தோழி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கல்லும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம் என்றால், ஊரார் பத்திரத்தையெல்லாம் எந்தக் கொட்டகையில் அம்மா வைப்பீர்கள்?