பீட்டர் போத்தும் மாயக் கோலும்

வணக்கம் நேயர்களே. தமிழாசிரியரை வானொலிக்கு அழைத்தால் திருக்குறள் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அது இல்லை. உங்கள் வீட்டு ஹாலில் பிள்ளைகள் டிவியைப் பிடித்துக்கொண்டு, தோற்றுத் தோற்று மறுபடியும் மறுபடியும் ஒரே அரக்கனிடம் போய் நிற்கிறார்களே, அந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2011இல் வந்த டார்க் சோல்ஸ், 2019இல் செகிரோ, 2022இல் எல்டன் ரிங். மூன்றும் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் மியாசாகி ஹிடேடகாவின் இயக்கத்தில் உருவானவை.

இவற்றில் எது கடினம் என்று வகுப்பிலும் சண்டை, பஸ் நிறுத்தத்திலும் சண்டை. அந்தக் கேள்வியே அரைகுறை என்பது என் கட்சி. நம் மொரீஷியஸின் மிக உயர்ந்த மலை ரிவியேர் நுவார் பக்கம் இருக்கிறது, 828 மீட்டர். ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தே ஏறிவிடலாம். பீட்டர் போத் 820 மீட்டர்தான். ஆனால் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாறையில் ஏறக் கயிறு வேண்டும். உயரத்தை மட்டும் சொல்லி எது கடினம் என்று எப்படித் தீர்ப்பது? கையில் கயிறு இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா?

விளையாட்டில் அந்தக் கயிற்றுக்குப் பெயர் பில்ட். எதிரிகளை வென்றால் கிடைப்பதைக் கொண்டு நம் வீரனின் லெவலை ஏற்றுகிறோம். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு புள்ளி. அதை உடல்பலத்தில் போடலாம், கைவேகத்தில் போடலாம், அறிவில் போடலாம், பக்தியில் போடலாம், உயிரின் அளவைக் கூட்டவும் போடலாம். எதில் போடுகிறோமோ அதற்கேற்ற ஆயுதம்தான் கைக்கு வரும். பலத்தில் போட்டவனுக்குப் பெரிய வாள், அறிவில் போட்டவளுக்கு மாயக் கோல்.

என் அக்காள் பிள்ளைகள் இருவர். அண்ணன் பெரிய வாள்காரன், தங்கை கோல்காரி. ஒரு புயல் நாள். எச்சரிக்கை மூன்று என்று அறிவித்தாகிவிட்டது, பள்ளி இல்லை, யாரும் வெளியே போக முடியாது. எல்டன் ரிங்கில் கோட்டை வாசலை மறித்துக்கொண்டு மார்கிட் என்று ஒருவன் நிற்பான். பலருக்கும் அவன்தான் முதல் பெரிய தடை. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம்: கோலை ஓங்குவான், உடனே அடிக்கமாட்டான். ஓங்கியபடியே நிற்பான். நீங்கள் பயந்து உருண்டு எழுந்திருக்கும் நேரம் பார்த்து இறக்குவான். அண்ணன் ஒவ்வொரு முறையும் முந்தி உருண்டான், ஒவ்வொரு முறையும் செத்தான்.

பிறகு தங்கை வந்தாள். மணியை அடித்து மூன்று ஓநாய் ஆவிகளை அழைத்தாள். அவை மார்கிட்டின் காலைச் சுற்றிக்கொள்ள, தூரத்தில் நின்று நீலக் கற்களாக எறிந்தாள். "இது விளையாட்டே இல்லை, ஏமாற்று" என்று அண்ணன் கத்தினான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பலத்தில் போட்டாய், நான் அறிவில் போட்டேன். கிடைத்த புள்ளி ஒன்றுதானே, அண்ணா?" என்றாள். அதற்குள் ஓநாய்கள் செத்துவிட்டன, மார்கிட் திரும்பிவிட்டான். அவள் மருந்து குடிக்கக் கையைத் தூக்கினாள், அவன் ஒளிக்கத்தியை வீசினான். தூரத்தில் நிற்பவரையும் அவன் விடமாட்டான். கோல்காரிக்கு உயிரும் குறைவு, இரண்டு அடியில் காலி. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போயிற்று. மார்கிட்டுக்கு மட்டும் நல்ல நாள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது என் நெடுநாள் மனத்தாங்கல். மாயக் கோல் பிடிப்பவரைச் சோம்பேறி என்று சிரிக்கிறார்கள். அவள் என்னென்ன கணக்குப் போட்டாள் பாருங்கள். மருந்துக் குடுவைகள் இத்தனைதான் உண்டு. உயிருக்கு எத்தனை சிவப்பு, மந்திரத்துக்கு எத்தனை நீலம் என்று முன்பே பிரித்துவைக்க வேண்டும். அண்ணனுக்குத் தேவை நேரம் பார்க்கும் கண். தங்கைக்குத் தேவை தூரம் அளக்கும் கண். இரண்டும் வித்தைதான். மேலும், இந்த விளையாட்டுகளில் சுலபம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் மெனு கிடையாது. அந்த மெனுவை விளையாட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறார்கள். டார்க் சோல்ஸ் முதல் பாகத்தில் நெருப்பு மந்திரத்துக்கு அறிவும் வேண்டாம், பக்தியும் வேண்டாம். கையிலுள்ள தீயை மட்டும் வளர்த்தால் போதும், புள்ளிகளை உயிரில் கொட்டலாம். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை, புதியவருக்காகத் திறந்துவைத்த பக்கவாசல் அது. எல்டன் ரிங்கிலோ நெருப்புக்கும் பக்தி கேட்கிறார்கள். ஆனால் ரென்னலா என்ற அரசியை வென்றபின், அதற்குரிய பொருள் கையில் இருந்தால், போட்ட புள்ளிகளையெல்லாம் திரும்ப எடுத்து மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். முதல் டார்க் சோல்ஸில் போட்டது போட்டதுதான்.

செகிரோவுக்கு வந்தால் இந்தப் பேச்சே எடுபடாது. பில்ட் கிடையாது. ஒரே வாள். செயற்கைக் கையில் சில கருவிகள் மாறும், அவ்வளவுதான். துணைக்கு இன்னொருவரை அழைக்கவும் முடியாது. எதிரியின் வாள் உங்கள் மேல் படும் கணத்தில் அதை உங்கள் வாளால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அவன் நிலைகுலைவான். கோட்டை உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் இதைக் கற்றுக்கொள்ளாதவர் மேலே போக முடியாது. கோல்காரியும் வாள்காரனும் அங்கே ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை. அதனால் செகிரோ கடினம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். எல்டன் ரிங் கடினம் என்றால், உன் கையில் என்ன இருந்தது என்று கேட்பேன்.

பிளட்போர்ன், நியோ என்று இதே வகை விளையாட்டுகள் இரண்டைப் பற்றியும் குறிப்பு எடுத்துவந்தேன். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிளட்போர்னில் அடிவாங்கியதும் திருப்பி அடித்தால் இழந்த உயிரில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆகவே ஓடாதீர்கள். நியோவுக்கு நேரமில்லை.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு செய்தி. எல்டன் ரிங்கில் நடுவில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. சாப்பிடக் கூப்பிடும்போது "இதோ வருகிறேன், இப்போது நிறுத்த முடியாது" என்று பிள்ளை சொன்னால் அது உண்மை. செகிரோவில் நிறுத்த முடியும். அங்கே அந்தச் சாக்கு செல்லாது. வணக்கம்.