வண்டி லாரி ஏறுவதற்கு முன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருபத்தேழு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். வீடு மாற்றி வெளியூர் போகிறவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் வண்டியை என்னிடம் கொண்டுவந்து, "டேங்கில் இருக்கும் பெட்ரோலை இறக்கிவிடுங்கள்" என்பார்கள். இறக்கிக்கொண்டே நான் கேட்பது, "என்.ஓ.சி. வாங்கியாயிற்றா?" என்பதுதான். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரும்பாலும் பதில் வரும். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தப் பதில்தான்.

என்.ஓ.சி. என்பது வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தேவையான தடையில்லாச் சான்று. வண்டி எந்தப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானதோ அந்த அலுவலகம்தான் அதைத் தர வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 28. அதில் சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த எண்ணை, பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்த பதிவு இருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். வண்டி ஓர் ஊரிலும் அலுவலகம் வேறு ஊரிலும் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகள் ஹைதராபாத்தில் வேலை கிடைத்து, ஸ்கூட்டரையும் ரயிலில் அனுப்பிவிட்டாள். சான்று வாங்கவில்லை. பிறகு அங்கே ஒரு மெக்கானிக் எடுத்துத் தந்த சேசிஸ் பதிவு தபாலில் வந்தது. நடுவில் இரண்டு எண்கள் தெரியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு, அந்த அப்பா நான்கு முறை அலுவலகம் ஏறி இறங்கினார்.

அந்தப் பதிவை எடுப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமைதான் வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் நின்ற வண்டியில் எண்ணின்மேல் துரு பூத்திருக்கும். அவசரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணே மழுங்கிப்போகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைக்க வேண்டும். ஈரம் காய்ந்ததும் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி, தமிழ்நாட்டில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறுகிறவர், "பக்கத்து ஊர்தானே, இதுவும் ஒரு தூரமா?" என்று நினைக்கிறார். ஆனால் பி.ஒய். 01 என்ற புதுச்சேரிப் பதிவெண் வண்டி, டி.என். 31 என்ற கடலூர்ப் பதிவெண் எல்லைக்குள் போய்விட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண் வாங்கியாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஆந்திராவை ஒட்டியிருக்கும் நம் ஏனாமுக்கு மாறிப் போகிறவரோ பல நூறு கிலோமீட்டர் கடந்தும் அதே யூனியன் பிரதேசத்தில்தான் இருக்கிறார். 30 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவித்தால் போதும்.

இனி அனுப்பும் வழி. ரயிலில் அனுப்பும்போது, நீங்களும் அதே ரயிலில் போனால் லக்கேஜாகவும், இல்லையென்றால் பார்சலாகவும் பதியலாம். பெட்ரோல் டேங்க் ஒரு சொட்டும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அது விதி மட்டுமல்ல, ஆவி தங்கிய டேங்க் தீப்பொறிக்குக் காத்திருக்கும். மேலே கோணி சுற்றுவதற்கு முன் டேங்கின் இரு பக்கமும் பழைய போர்வையைக் கட்டுங்கள். வெறும் கோணியும் கயிறும் வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கிப் பெயிண்டை அரித்துவிடும். திரும்பி வந்த வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது அந்தக் கயிற்றுத் தடமும் வளைந்த பிரேக் லீவரும்தான். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை லாரியில் ஏற்றுகிறவர்கள் பாஸ்டேக் ஸ்டிக்கரைக் கவனியுங்கள். லாரிமேல் நிற்கும் கார் என்பது சுங்கச்சாவடியின் கருவிக்குத் தெரியாது. உங்கள் கணக்கிலிருந்தும் பணம் போய்விடலாம். காருக்குள் பாத்திரம் பண்டம் நிரப்பாதீர்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களை லாரி ரசீதில் எழுதச் சொல்லி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி வண்டியை விடவே வேண்டாம். சேதமானால், சரக்குப் பதிவான 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சரக்குச் சட்டம் சொல்கிறது. முழுக் காப்பீடு இருந்தால் சாலையிலோ ரயிலிலோ கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அடங்காது. பாலிசி எப்போது முடிகிறது என்று தேதியையும் பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இங்கே எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதைப் பார்த்தவன் நான். மழையில் தாமதமாகும் லாரி எங்கே, எந்தப் பள்ளத்தில் நிற்கும் என்று நமக்குத் தெரியாது.

வீடு மாற்ற நாள் குறித்தவுடனே, பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் சொல்வதற்கு முன்னால், சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சேசிஸ் பதிவு எடுக்க முதலியார்பேட்டைப் பக்கம் யார் வந்தாலும் எடுத்துத் தருகிறேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. வணக்கம்.